உறை நுண்ணுயிரும் ஊறுகாய்ப் புல்லும் – ஒரு திறனாய்வு

பாலில் உறைமோர் விட்டால் தயிராகிறது. இட்லி மாவுக்கு யாரும் உறை ஊற்றுவதில்லை. இரவில் மூடி வைத்தால் காலையில் தானே பொங்கிப் புளித்திருக்கிறது. இரண்டையும் புளிக்க வைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்களே. அப்படியிருக்க ஒன்றுக்கு உறை வேண்டும், மற்றதற்கு வேண்டாம் என்பது ஏன்? பாலைக் காய்ச்சும்போது அதிலிருந்த நுண்ணுயிர்களில் பெரும்பகுதி மடிந்துபோகிறது. ஆகவே வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. உளுந்தும் அரிசியும் தமக்கு வேண்டிய பாக்டீரியாக்களைத் தம்மோடு கொண்டுவருகின்றன. இச்சிறு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், கால்நடைத் தீவனத்தைப் பற்றி இன்று அடிக்கடி பேசப்படும் ஒரு செய்தியில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பிரித்தறிய முடியும்.

பசுந்தீவனத்தை நறுக்கிக் குழியில் இட்டு, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துப் பாதுகாப்பதைச் சைலேஜ் என்பர். நம் வேளாண் வெளியீடுகள் இதனை 'ஊறுகாய்ப் புல்' என்று அழைக்கின்றன. இக்குழியில் சேர்ப்பதற்கென்று லாக்டிக் அமில பாக்டீரியாக்களைத் தூளாக்கிப் பொட்டலங்களில் விற்கிறார்கள். இவற்றை நாம் 'உறை நுண்ணுயிர்' எனலாம். இவற்றைப் பற்றிய துண்டறிக்கைகளும் கட்டுரைகளும் பொதுவாக மூன்று கூற்றுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. உறையைச் சேர்த்தால் தீவனம் நன்றாகப் பதமாகும் என்பது முதற்கூற்று. அது தீவனத்திலுள்ள நோய்க்கிருமிகளைக் கொல்லும் என்பது இரண்டாவது. மாட்டின் வயிற்றுக்குள்ளும் சென்று 'புரோபயாட்டிக்' ஆக, அதாவது நன்மை தரும் உயிராக இருந்து, நோயை எதிர்க்கும் என்பது மூன்றாவது.

மூன்றும் ஒரே பாக்டீரியாவைப் பற்றியவை என்பதால் ஒன்று மெய்யானால் மற்றவையும் மெய் என்று தோன்றுகிறது. இக்கட்டுரை மறுப்பது இந்த எண்ணத்தைத்தான். மூன்றும் தனித்தனிக் கூற்றுகள். மூன்றுக்கும் தனித்தனிச் சான்றுகள் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம்.

குழிக்குள் நடப்பது என்ன?

வெட்டிய புல் உடனே மடிந்துவிடுவதில்லை. சிறிது நேரம் அது சுவாசித்துக்கொண்டே இருக்கும். குழியை நன்றாக மிதித்து இறுக்கி மூடினால், உள்ளே எஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் புல்லே செலவழித்துவிடும். அதன்பின் காற்றின்றி வாழும் பாக்டீரியாக்களின் ஆட்சி தொடங்குகிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தண்டிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தைப் பெருக்குகின்றன. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மதிப்பு 6-லிருந்து படிப்படியாக இறங்கி, மக்காச்சோளத்தில் 4-ஐ ஒட்டி நிற்கிறது. பி.எச். ஓர் அலகு குறைந்தால் அமிலச் செறிவு 10 மடங்கு கூடுகிறது என்பதை மாணவர்கள் அறிவர். 6-லிருந்து 4-க்கு இறங்குவது 100 மடங்கு மாற்றம். இந்தப் புளிப்பில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக முடியாமல் அடங்கிவிடுகின்றன. தீவனம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

எல்லா நொதித்தலும் ஒரே தரமுடையதன்று. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாக மட்டும் பிளக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. இவற்றால் தீவனத்தின் உலர் எடையில் இழப்பே இல்லை. லாக்டிக் அமிலத்தோடு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும் வேறு வகையில், நொதித்த குளுக்கோசின் எடையில் 24 விழுக்காடு வாயுவாகப் போய்விடும். கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா தலையெடுத்தாலோ, அது லாக்டிக் அமிலத்தையே உண்டு நாற்றமடிக்கும் பியூட்டிரிக் அமிலமாக்கும். அப்போது இழப்பு 51 விழுக்காடு. கெட்டுப்போன குழியைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வைப்பது இந்த அமிலமே.

இம்முறை புதிதன்று. பிரான்சு நாட்டு உழவர் ஓகுஸ்த் கோஃபார் 1877-இல் மக்காச்சோளத்தைக் குழியிட்டுக் காக்கும் முறையைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் அது நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது. காற்றை நீக்கி இறுக்குவதில் தீவனத்தின் தலைவிதி அடங்கியிருக்கிறது என்பதை அவர் தம் பண்ணை அனுபவத்தில் கண்டவர். பின்னர் பின்லாந்தின் வேதியியலறிஞர் ஆர்ட்டுரி இல்மாரி விர்த்தானன் வேறொரு வழியில் சென்றார். பாக்டீரியாக்கள் அமிலம் உண்டாக்கும்வரை காத்திராமல், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் நீர்த்த நிலையில் புல்லின்மீது தெளித்து, பி.எச். மதிப்பை 4-க்குக் கீழே கொண்டுவந்தார். தீவனம் கெடவில்லை, புரதமும் வைட்டமினும் வெகுவாகக் காக்கப்பட்டன. 1945-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது இம்முறை தனியே குறிப்பிடப்பட்டது.

விர்த்தானன் செய்தது நமக்கு ஒரு சோதனையாகவும் பயன்படுகிறது. பாக்டீரியாவின் உதவியின்றி அமிலத்தைக் கொண்டே தீவனத்தைக் காக்க முடியுமென்றால், குழிக்குள் காவல் புரிவது அமிலமே என்று தெளிகிறது. பாக்டீரியா அந்த அமிலத்தை மலிவாகத் தயாரித்துக் கொடுக்கும் தொழிலாளி. தொழிலாளியின் பெருமையை நாம் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அமிலம் வேலை செய்யாத இடத்தில் அவன் பெயரைச் சொல்லிப் பயனில்லை.

முதற்கூற்று: உறையிட்டால் நன்றாகப் பதமாகுமா?

இதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூறுபவர் எவராயினும் அவரை நம்பவேண்டாம். உலகெங்கும் செய்யப்பட்ட சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிக்கையொன்று 2017-இல் அமெரிக்கப் பால்வள அறிவியல் இதழில் வெளிவந்தது. லாக்டிக் அமிலத்தை முதன்மையாக உண்டாக்கும் உறை நுண்ணுயிர்களைப் பற்றியது அது. புல்வகைகளிலும் குதிரைமசால் முதலிய பயறுவகைத் தீவனங்களிலும் உறை பயன் தந்தது என்று அது காட்டியது. நொதித்தல் சீர்பட்டது, பியூட்டிரிக் அமிலமும் அம்மோனியாவும் குறைந்தன, உலர் எடை கூடுதலாக மிஞ்சியது. ஆனால் மக்காச்சோளம், சோளம், கரும்பு ஆகியவற்றில் நொதித்தலோ, மிஞ்சும் உலர் எடையோ, திறந்தபின் கெடாதிருக்கும் தன்மையோ மேம்படவில்லை.

காரணம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. மக்காச்சோளம் இட்லி மாவைப் போன்றது. சர்க்கரை மிகுதி, பி.எச். இறங்குவதைத் தடுக்கும் தாங்கு திறன் குறைவு. தன் பாக்டீரியாக்களைத் தானே சுமந்து வருகிறது. அதற்கு உறை ஊற்றுவது வேண்டாத செலவு. குதிரைமசாலில் சர்க்கரை குறைவு, புரதமும் தாதுக்களும் மிகுதி. ஆகவே அமிலம் கூடக்கூட அது எதிர்த்து நிற்கிறது. தொடக்கத்தில் தாமதம் நேர்ந்தால் கிளாஸ்ட்ரிடியம் முந்திக்கொள்ளும். அங்கே நல்ல உறை விரைவாக வேலையைத் தொடங்கி வைக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. லாக்டிக் அமிலம் மட்டுமே நிறைந்த தீவனம் மூடியிருக்கும்வரை சிறப்பாக இருக்கும். குழியைத் திறந்ததும் காற்றோடு ஈஸ்ட்டுகள் விழித்துக்கொள்கின்றன. லாக்டிக் அமிலம் அவற்றுக்கு உணவு. அவை அதனைத் தின்னத் தின்னத் தீவனம் சூடேறுகிறது, பி.எச். ஏறுகிறது, பூஞ்சை படர்கிறது. ஆகவே 'மிகச் சிறந்த' நொதித்தல் சில வேளைகளில் திறந்தபின் விரைவில் கெடும் தீவனத்தைத் தரலாம்.

இதற்கு மாற்றாகக் கண்டறியப்பட்டது லாக்டோபேசிலஸ் புக்னெரி என்னும் வேறோர் இனம். இது லாக்டிக் அமிலத்தில் ஒரு பகுதியை அசெட்டிக் அமிலமாக, அதாவது நம் வினிகரிலுள்ள அமிலமாக மாற்றுகிறது. ஈஸ்ட்டுகள் அசெட்டிக் அமிலத்துக்கு அஞ்சும். 2006-இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்றின்படி, உறையில்லாத மக்காச்சோள ஊறுகாய்ப் புல் காற்றுப்பட்டபின் 25 மணி நேரம் சூடேறாமல் இருந்தது. இந்த இனத்தை ஒரு கிராம் தீவனத்துக்கு 1 லட்சம் அல்லது அதற்குக் குறைவாக இட்டபோது 35 மணி நேரம் இருந்தது. அதற்கு மேல் இட்டபோதோ 503 மணி நேரம் இருந்தது. பாக்டீரியா ஒன்றே; அளவுதான் வேறு. அளவு குறைந்தால் பயன் ஏறத்தாழ இல்லை.

முதற்கூற்றைப் பற்றி நம் முடிவு இதுதான்: எந்தப் பயிருக்கு, எந்த இனம், ஒரு கிராமுக்கு எத்தனை என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் கூற்று மெய், மூன்றையும் விட்டுவிட்டால் அது வெறும் விளம்பரம்.

இரண்டாம் கூற்று: நோய்க்கிருமிகளைக் கொல்லுமா?

லாக்டிக் அமிலம் கிருமியைத் தாக்கும் முறையைப் பாருங்கள். நீரில் அது இரு நிலைகளில் இருக்கும்: பிரியாத முழு மூலக்கூறாகவும், பிரிந்த அயனிகளாகவும். பிரியாத மூலக்கூறே கிருமியின் உறையை ஊடுருவி உள்ளே சென்று, அங்கே பிரிந்து, செல்லைப் புளிக்கச் செய்து முடக்குகிறது. எத்தனை பங்கு பிரியாமல் நிற்கிறது என்பது பி.எச். மதிப்பைப் பொறுத்தது. பி.எச். 4-இல் லாக்டிக் அமிலத்தில் ஏறத்தாழ 42 விழுக்காடு பிரியாமல் உள்ளது. 5-இல் அது 7 விழுக்காடாகச் சுருங்குகிறது. 6-இல் 1 விழுக்காடுகூட இல்லை. ஆகவே கிருமிகளுக்கு எதிரான ஆயுதம் பி.எச். 4-இல் கூர்மையானது, 5-இல் மழுங்கியது, 6-இல் இல்லாதது.

இதன் பொருளை விளக்க லிஸ்ட்டீரியா என்னும் கிருமி ஒன்றே போதும். பி.எச். 4-ஐ ஒட்டி நிற்கும் நல்ல ஊறுகாய்ப் புல்லில் அது பெருகுவதில்லை. ஆனால் ஓரங்களில் காற்றுப் புகுந்து பி.எச். 5.5-க்கு மேல் ஏறிய இடங்களில் தாராளமாகப் பெருகும். குளிரிலும் வளரும் வல்லமை அதற்கு உண்டு. செம்மறியாட்டின் வாயிலுள்ள சிறு காயத்தின் வழியே நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைத்தண்டை அடையும். நோயுற்ற ஆடு தலையை ஒருபக்கம் சாய்த்து ஒரே வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து மடியும். ஆடுகளுக்கு இட்ட ஓட்ஸ் ஊறுகாய்ப் புல்லிலிருந்தே இக்கிருமியைப் பிரித்தெடுத்த செய்தி 1960-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாயிற்று. ஐஸ்லாந்து உழவர்கள் இந்நோய்க்கு 'ஊறுகாய்ப்புல் நோய்' என்ற பொருளுள்ள பெயரையே வைத்திருந்தார்கள்.

ஆட்டின் நோய் ஆட்டோடு நிற்பதில்லை. 1981-இல் கனடா நாட்டின் கடலோர மாநிலங்களில் 41 பேர் லிஸ்ட்டீரியா நோய்க்கு ஆளாயினர். பெரும்பாலோர் கருவுற்ற தாய்மாரும் அவர்தம் சிசுக்களுமே. முட்டைக்கோசு சாலட் இந்நோயைப் பரப்பியது என்று ஆய்வில் தெரியவந்தது. அந்த முட்டைக்கோசு விளைந்த பண்ணையில், லிஸ்ட்டீரியா நோய் கண்ட மந்தையின் ஆட்டெரு இடப்பட்டிருந்தது. தொழுவத்தில் உள்ள கிருமி வயல் வழியாக வட்டிலுக்கு வந்துசேர்ந்த நிகழ்ச்சி இது.

இங்கே நம் கட்டுரையாளர்கள் ஒரு வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். அடக்குவது வேறு, அழிப்பது வேறு. கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா துன்பம் வரும்போது கடினமான வித்தாகச் சுருண்டுகொள்ளும். அந்த வித்தை அமிலம் கொல்வதில்லை. அது தீவனத்தோடு மாட்டின் வயிற்றைக் கடந்து, சாணத்தில் வந்து, மடியில் ஒட்டி, பாலில் விழுகிறது. பாஸ்ச்சர் முறைச் சூட்டையும் தாங்கிக்கொள்கிறது. பாலைப் பாலாடைக்கட்டியாக்கி மாதக்கணக்கில் முதிர வைக்கும்போது விழித்தெழுந்து, வாயுவை உண்டாக்கிக் கட்டியைப் பிளந்துவிடுகிறது. இதனால்தான் இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் மாடுகளுக்கு ஊறுகாய்ப் புல் இடக்கூடாது என்று அதன் விதிமுறையே தடுக்கிறது. புளிக்கவைத்தால் கிருமியெல்லாம் ஒழிந்தது என்பது மெய்யானால் இத்தகைய விதி தோன்றியிராது.

நஞ்சுகளும் அவ்வாறே. குழியில் எலியோ பறவையோ செத்துக் கிடந்து பாட்டுலினம் நஞ்சு உண்டாகிவிட்டால், புளிப்பு அந்நஞ்சை அழிப்பதில்லை. வயலிலேயே பூஞ்சையால் விளைந்த அஃப்ளாடாக்சினும் குழியில் இட்டதனால் மறைந்துபோவதில்லை. மாடு தின்றால் அதன் மாற்றுருவம் பாலில் வரும்.

'ஆய்வகத் தட்டில் இந்த பாக்டீரியா நோய்க்கிருமியைக் கொன்றதைக் கண்டோம்' என்று சிலர் சொல்வர். அவர்கள் கண்டது பொய்யன்று. அகார் தட்டில் நோய்க்கிருமியைப் பரப்பி, நடுவில் லாக்டிக் அமில பாக்டீரியாவை வைத்தால் சுற்றிலும் தெளிந்த வளையம் தோன்றும். ஆனால் அந்த வளையம் எதனால் தோன்றியது? வெறும் அமிலத்தால் தோன்றியிருக்கலாம். அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கிய பின்னும் வளையம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால், புரதத்தைச் சிதைக்கும் நொதியை இட்டுப் பார்க்க வேண்டும். அப்போது வளையம் மறைந்தால்தான் பாக்டீரியோசின் என்னும் எதிர்ப்புப் புரதம் அங்கே வேலை செய்தது எனலாம். அத்தகைய புரதங்கள் மெய்யாகவே உண்டு. பாலைப் புளிக்க வைக்கும் லாக்டோகாக்கஸ் தரும் நைசின் உலகெங்கும் உணவுப் பாதுகாப்பில் பயன்படுகிறது. ஆயினும் இந்த இரு படிகளையும் கடக்காத ஆய்வு, எலுமிச்சம்பழச் சாற்றுக்கும் அந்த பாக்டீரியாவுக்கும் வேறுபாடு காட்டாத ஆய்வே ஆகும்.

மூன்றாம் கூற்று: வயிற்றுக்குள் சென்று காக்குமா?

இக்கூற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. பாரிசின் பாஸ்ச்சர் நிலையத்தில் பணியாற்றிய எலி மெச்னிகாவ், 1907-இல் வெளிவந்த தம் நூலில், புளித்த பாலின் பாக்டீரியா குடலில் அழுகலைத் தடுத்து வாழ்நாளை நீட்டிக்கும் என்று வாதாடினார். புளித்த பால் அழுகுவதில்லை. ஆகவே புளிக்க வைக்கும் பாக்டீரியா குடலிலும் அழுகலைத் தடுக்கும் என்பது அவர் எண்ணத்தின் போக்கு. கிண்ணத்தில் கண்டதைக் குடலுக்கு ஏற்றிய இந்தத் தாவலே அதன் பலவீனம். 1921-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெட்கரும் செப்ளினும், அவர் போற்றிய பல்கேரிய பாக்டீரியா குடலில் நிலைப்பதில்லை என்று காட்டினர். நோபல் பரிசு பெற்ற பேரறிஞருக்கும் சான்று வேண்டியிருக்கிறது, பொட்டலத்துக்கு வேண்டாமா?

'புரோபயாட்டிக்' என்ற சொல்லும் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1965-இல் அது ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொன்றை வளர்க்கும் பொருளைக் குறித்தது. 1989-இல் ஃபுல்லர் என்பார், குடல் நுண்ணுயிர்ச் சமநிலையை மேம்படுத்தி விலங்குக்கு நன்மை செய்யும் உயிருள்ள தீவனச் சேர்க்கை என்று வரையறுத்தார். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2001-இல் இன்னும் தெளிவாக்கியது: உயிருடன், போதிய அளவில் கொடுக்கப்படும்போது உண்பவருக்கு உடல்நல நன்மை தரும் நுண்ணுயிர். உயிர், போதிய அளவு, நன்மை என்ற மூன்றும் காட்டப்பட வேண்டும். குழியில் தீவனத்தைக் காத்த பாக்டீரியா இவற்றில் எதையும் அதனாலேயே காட்டியதாகாது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நல்ல ஊறுகாய்ப் புல்லில் கிராமுக்கு 10 கோடி லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உயிரோடு இருப்பதாகக் கொள்வோம். மாடு 20 கிலோ தின்றால் 2 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளே செல்கின்றன. பெரிய எண்தான். ஆனால் மாட்டின் அசையூண் இரைப்பை 100 லிட்டர் கொள்ளும் என்றும், அதில் ஒரு மில்லி லிட்டருக்கு 1,000 கோடி பாக்டீரியாக்கள் என்றும் குறைத்தே மதிப்பிட்டாலும், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவை 10 கோடி கோடி. வந்த விருந்தாளி ஒன்றுக்கு வீட்டுக்காரர் ஐந்நூறு பேர்!

எண்ணிக்கை போகட்டும், ஆயுதம் என்ன ஆயிற்று? மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் உப்பு அமிலத்தை நடுநிலையாக்கி அசையூண் இரைப்பையின் பி.எச். மதிப்பை 6-க்கும் 7-க்கும் இடையே நிறுத்துகிறது. பி.எச். 6.5-இல் லாக்டிக் அமிலத்தில் பிரியாமல் நிற்பது 0.2 விழுக்காடே. குழியில் கிருமியை முடக்கிய அதே அமிலம் இங்கே வெறும் உணவாகி, இரைப்பையின் பிற பாக்டீரியாக்களால் தின்னப்பட்டுவிடும். ஆகவே 'குழியில் எதிர்த்தது, வயிற்றிலும் எதிர்க்கும்' என்ற வாதம் வேதியியல்படியே நிற்காது. வயிற்றில் அது எதிர்க்குமானால் வேறு வழியில்தான் எதிர்க்க வேண்டும். அந்த வழியைத் தனியே காட்ட வேண்டும்.

நடுநிலை தவறாமல் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 2003-இல் இஸ்ரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் உறை பாக்டீரியாக்களை அசையூண் இரைப்பைச் சாற்றில் இட்டு வைத்தபோது அவை சில நாட்கள் உயிரோடிருந்தன. மேலே கூறிய 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், கிராமுக்கு 1 லட்சமோ அதற்கு மேலோ உறையிட்ட தீவனத்தைத் தின்ற மாடுகள் நாளொன்றுக்குச் சராசரியாக 0.37 கிலோ கூடுதல் பால் தந்தன என்கிறது. தீவனத்தின் செரிமானம் கூடியதாக அதில் காணப்படவில்லை. இந்தக் கால் லிட்டருக்கு மேற்பட்ட பால் உழவருக்குப் பயனுள்ளதே. ஆனால் பால் கூடியது என்பது நோய் எதிர்க்கப்பட்டது என்பதாகாது. இரண்டும் வெவ்வேறு அளவீடுகள்.

நோய் எதிர்ப்பை மெய்யாகவே காட்டிய ஆய்வு எப்படியிருக்கும்? 1973-இல் பின்லாந்தின் நுர்மி, ரன்டாலா ஆகியோர் செய்ததைப் பாருங்கள். பொரித்த கோழிக்குஞ்சுகளுக்கு வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்க் கலவையைப் புகட்டினர். பின் சால்மோனெல்லா கிருமியைக் கொடுத்தனர். கலவை பெற்ற குஞ்சுகள் கிருமியை எதிர்த்து நின்றன. பெறாதவை எளிதில் தொற்றுக்கு ஆளாயின. உயிருள்ள விலங்கு, மெய்யான கிருமி, ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு கூட்டம் ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. அவ்வாறே 2003-இல் அமெரிக்க மாட்டுப் பட்டிகளில், குறிப்பிட்டதொரு லாக்டோபேசிலஸ் வகையை நாள்தோறும் தீவனத்தில் கொடுத்தபோது, கொடிய ஓ157 வகை ஈ.கோலை கிருமியை வெளியிட்ட மாடுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இவை மதிக்கத்தக்க சான்றுகள். ஆனால் அவை அந்தக் கலவைக்கும் அந்த வகைக்கும் மட்டுமே சான்று. 2020-இல் லாக்டோபேசிலஸ் என்னும் ஒரே பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டனர். அவ்வளவு வேறுபட்ட உயிர்களை ஒரே குடும்பப் பெயரால் நற்சான்று கொடுத்து அனுப்புவது முறையன்று.

ஐரோப்பியச் சட்டம் இவ்வேறுபாட்டை அறிந்திருக்கிறது. தீவனச் சேர்க்கைகளைப் பற்றிய 2003-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், ஊறுகாய்ப் புல்லுக்கான சேர்க்கைகள் தொழில்நுட்பச் சேர்க்கைகளின் பட்டியலில் உள்ளன. குடல் நுண்ணுயிர்களை நிலைப்படுத்துபவை கால்நடை வளர்ப்புச் சேர்க்கைகள் என்ற வேறு பட்டியலில் உள்ளன. பாக்டீரியா ஒன்றாகவே இருந்தாலும், முதற்பட்டியலில் இடம் பெற்றதைக் காட்டி இரண்டாவதில் நுழைய முடியாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

'சற்று மிகைப்படுத்தினால் என்ன? நல்ல பாக்டீரியாதானே!' என்று கேட்கலாம். இரு தீங்குகள் உண்டு.

முதலாவது தொழுவத்திலேயே நிகழ்வது. குழியின் ஓரத்தில் பூஞ்சை பூத்து, சூடேறி, கறுத்துக் கிடக்கும் பகுதியை வெட்டி எறிய வேண்டும். 'உறை போட்டிருக்கிறேன், அது கிருமியைக் கொன்றிருக்கும்' என்று நம்புகிற உழவர் அதையும் மாட்டுக்குப் போட்டுவிடுவார். பொய்யான காப்பு, காப்பின்மையைவிட ஆபத்தானது. காப்பில்லை என்று அறிந்தவராவது எச்சரிக்கையாக இருப்பார்.

இரண்டாவது தீங்கு இன்னும் பெரியது. கால்நடைகளை விரைவில் கொழுக்க வைக்க எதிருயிர் மருந்துகளைத் தீவனத்தில் கலக்கும் வழக்கத்தை ஸ்வீடன் 1986-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அது 2006 ஜனவரி முதல் நாளோடு நின்றது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதைத் தடுக்கவே இந்நடவடிக்கைகள். மனித மருத்துவத்தில் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் காலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்தியாவும் 2019-இல் தடை செய்தது. இம்மருந்துகளின் இடத்தை நிரப்ப நல்ல நுண்ணுயிர்கள் நமக்குத் தேவை. அந்தத் தேவை மெய்யானது என்பதனாலேயே சான்று கண்டிப்பாக இருக்க வேண்டும். சோதிக்கப்படாத பொட்டலம் கன்றைக் காக்கத் தவறினால் உழவர் பாக்டீரியாவைக் கைவிட்டு மீண்டும் மருந்துப் புட்டியைத் தேடிச் செல்வார். மிகைக்கூற்று நல்ல கருத்தைத்தான் முதலில் கெடுக்கும்.

முடிவாக, லாக்டிக் அமில பாக்டீரியா உழவரின் நண்பன் என்பதில் ஐயமில்லை. ஏற்ற பயிருக்கு ஏற்ற இனத்தைப் போதிய அளவில் இட்டால் தீவன இழப்பைக் குறைக்கும். புளிப்பு ஆழமாக இறங்கி நிற்கும்வரை கிருமிகளை அடக்கி வைக்கும். விலங்கின் உடலுக்குள் நோயை எதிர்க்கும் வகைகளும் சில உண்டு; அவை உயிருள்ள விலங்கில் சோதித்துத் தேறியவை. இம்மூன்றையும் ஒரே சொல்லில் மூட்டையாகக் கட்டும் எழுத்தையே நாம் குறை கூறுகிறோம்.

ஆகவே இனி இப்பொருள் பற்றி எதைப் படித்தாலும் மாணவர்கள் சில கேள்விகளைக் கேட்கட்டும். எந்த இனம்? கிராமுக்கு எத்தனை? எந்தப் பயிரில்? தட்டிலா, குழியிலா, விலங்கிலா? ஒப்பிட்டுப் பார்க்க உறையில்லாத கூட்டம் இருந்ததா? விடை இருந்தால் அக்கட்டுரையை நம்பிப் படிக்கலாம். விடை இல்லையென்றால், பொட்டலம் வாங்கும் காசை நல்ல பாலித்தீன் தாளுக்குச் செலவிட்டு, குழியை இன்னும் நான்கு முறை மிதித்து இறுக்குவது மேல். காற்றை வெளியேற்றினால் வயலிலிருந்து தானாக வந்த பாக்டீரியாவே பெரும்பாலும் வேலையை முடித்துவிடும். காற்றை உள்ளே விட்டால் எந்த உறையும் அதனை ஈடுசெய்யாது.